பிலார் லோபெஸ்: பெயர் சூட்டிய ஆசிரியை

அந்தோனியோ காதெஸ் என்னும் பெயரை ஸ்பானிய ஆடலில் ஈடுபாடு கொண்டோர் யாவரும் அறிவர். அது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. எல்டா என்னும் ஊரில் 1936இல் பிறந்து அந்தோனியோ எஸ்டேவே என வளர்ந்தவருக்கு, காதிஸ் துறைமுகத்தின் பண்டைய உரோமப் பெயரை எடுத்துச் சூட்டியவர் அவருடைய ஆசிரியை பிலார் லோபெஸ். மாணவரின் பெயர் உலகெங்கும் பரவியது. சூட்டியவரோ அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனார். இது நேர்மையான கணக்கன்று.

1912இல் பிறந்த பிலார், நெடுங்காலம் ஒரு தங்கையாகவே அறியப்பட்டார். தமக்கை என்கார்னாசியோன், ‘லா அர்ஹென்டினிட்டா’ என்ற மேடைப்பெயரால் புகழ்பெற்றவர். கவிஞர் லோர்க்காவின் நெருங்கிய தோழி. லோர்க்கா தொகுத்த நாட்டுப்பாடல்களை அவர் பாட, கவிஞரே பியானோ வாசிக்க, 1931இல் அவை இசைத்தட்டுகளாயின. 1933இல் தமக்கை நடத்திய குழுவில் பிலாரும் ஆடினார். முதுமையெய்தியிருந்த லா மகர்ரோனா, லா மலேனா ஆகிய ஜிப்சி ஆடற்கலைஞர்களை அக்குழு மீண்டும் மேடையேற்றியது. இளம் பிலார் பழைய ஆட்டமுறையை அருகிருந்து காணும் வாய்ப்பு அவ்வாறு அமைந்தது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது, லோர்க்கா கொல்லப்பட்டார். சகோதரிகள் அயல்நாடுகளில் ஆடி வாழ்ந்தனர். 1945இல் தமக்கை நியூயார்க்கில் இறந்தார்.

அடுத்த ஆண்டே பிலார் மாட்ரிட்டில் தமக்கெனக் குழு தொடங்கினார். அதன் முதன்மை ஆடவர்களுள் ஹோசே கிரெக்கோ இத்தாலியில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். மனோலோ வர்காஸும் ரொபெர்ட்டோ ஹிமெனெஸும் மெக்சிகர்கள். (அர்ஹென்டினிட்டாவே புவெனஸ் அயர்ஸில் பிறந்தவர்தாம். ‘தூய மரபு’ பேசுவோர் இதனைக் கருத வேண்டும்.) பின்னர் காதெஸ், மாரியோ மாயா, எல் குவித்தோ ஆகியோர் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆடவர் ஃபிளாமென்கோவுக்கு வடிவம் தந்தவர்களுள் இத்தனை பேர் ஒரு பெண்ணின் குழுவில் பயின்றனர் என்பது தற்செயலன்று. ஃபிளாமென்கோ மட்டும் அறிந்தால் அங்கே போதாது. வட்டார நாட்டுப்புற ஆடல்களையும், நுண்ணிய காலடிகள் கொண்ட பழைய போலேரோ மரபையும் பயில வேண்டும். தமக்கையின் குழு வகுத்த நெறியும் இதுவே.

ஃபிராங்கோ ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் லோர்க்காவின் எழுத்துகள் தடைசெய்யப்பட்டிருந்தன. அக்காலத்தில் அவருடைய வட்டத்தில் உருவான ஆடற்கலைஞர் ஒருவர் தலைநகரிலேயே ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். 1974இல் காதெஸ் லோர்க்காவின் ‘இரத்தத் திருமணம்’ நாடகத்தை ஆடலாக்கினார். 1981இல் கார்லோஸ் சௌரா அதனைத் திரைப்படமாக்கினார். இதற்குப் பிலார்தாம் காரணம் எனக் கூறுவது மிகை. காதெஸின் இடதுசாரி அரசியல் அவருடையதே. ஆயினும் லோர்க்காவின் தோழியிடமிருந்து காதெஸ் வரை நீளும் கலைவழியில் இடைக்கண்ணி பிலாரே. நூல்களுக்குப் பிறப்பித்த தடையாணை கால்களின் நினைவை எட்டவில்லை.

1978இல் ஸ்பெயினின் தேசிய ஆடற்குழு உருவானபோது அதன் முதல் இயக்குநர் காதெஸ். அவர் 2004இல் இறந்தார். பிலார் 2008 மார்ச்சில், தம் 95ஆம் வயதில், மாட்ரிட்டில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மாரியோ மாயாவும் காலமானார்.