அஜ்ரக் அச்சுக்கலையின் மீட்சி

அஜ்ரக் என்பது குஜராத்தின் கட்ச் பகுதியிலும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் கத்ரி சமூகத்தார் மரக்கட்டை அச்சுகளைக் கொண்டு துணியில் செய்யும் சாயவேலை. ஆழ்ந்த நீலம், சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகியன இதன் அடிப்படை நிறங்கள். இயற்கைச் சாயத்தில் செய்யும் அஜ்ரக் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கட்ச்சில் ஏறக்குறைய வழக்கொழிந்தது. பின்னர் அது மீண்டது முதன்மையாகச் சாயப்பட்டறைகளுக்குள்தான். கைவினைஞர்களே ஆசிரியர்களாக இருந்து அதை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் கட்ச் அரசர் முதலாம் ராவ் பார்மல் அழைத்துச் சிந்துவிலிருந்து வந்தவர்கள் என்று கத்ரிகளின் குடும்ப மரபு சொல்கிறது. துணி அலச ஓடும் தண்ணீர் வேண்டும் என்பதால் சாரண் ஆற்றையொட்டித் தமட்காவில் குடியேறினார்கள். மால்தாரிகள் எனப்படும் மேய்ச்சல்காரர்கள் இத்துணியை வேட்டியாக உடுத்தினார்கள், தலைப்பாகையாகக் கட்டினார்கள், தோளிலும் போட்டுக்கொண்டார்கள். வேதிச் சாயமும் மலிவான ஆலைத் துணியும் வந்ததும் அந்தச் சந்தை கைவிட்டுப் போயிற்று.

திருப்பத்தைத் தொடங்கி வைத்தவர் தமட்காவின் முகமது சித்திக் கத்ரி. 1970களில் அவர் பழைய இயற்கைச் சாய முறைகளுக்குத் திரும்பி, அவற்றை மகன்கள் ரசாக், இஸ்மாயில், ஜப்பார் மூவருக்கும் கற்பித்தார். குஜராத் அரசின் கைவினை விற்பனை அமைப்பான குர்ஜரி அக்காலத்தில் நகரத்து வாங்குவோரைத் தேடித் தந்தது. மகன்களில் இஸ்மாயிலுக்கு 2003இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது.

செய்முறை

இந்த வேலையை நூலில் படித்துக் கற்பது கடினம். முதலில் துணியை ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்த நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப்போடுவார்கள். பிறகு கடுக்காய் நீரில் முக்குவார்கள்; துணி இளமஞ்சளாகும். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளைச் சுண்ணாம்பும் பிசினும் சேர்ந்த குழம்பால் அச்சிடுவார்கள். கறுப்புக்குப் பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு பல நாள் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீர். அச்சில் ஒட்டுவதற்குப் புளியங்கொட்டை மாவு சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்த இடம் கறுக்கும்.

சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரக் குழம்பு. இந்தக் கட்டத்தில் சிவப்பு இன்னும் கண்ணில் படாது. அதன் மேல் மரத்தூளோ உலர்ந்த சாணப்பொடியோ தூவி, நீலத்திற்காக அவுரித் தொட்டியில் இறக்குவார்கள். மஞ்சிட்டி போன்ற சிவப்புச் சாய வேர்களோடு கொதிக்கவைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். தொட்டி பதமாக இருக்கிறதா, குழம்பு போதிய கெட்டியா என்பதையெல்லாம் கண்ணும் மூக்கும் விரலும்தான் சொல்லும். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பதற்கு இங்கே மாற்று இல்லை.

நிலநடுக்கமும் புதிய ஊரும்

2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் தமட்கா இடிந்தது. நிலத்தடி நீர் கீழிறங்கியது, நீரில் இரும்பு கூடியது. கறுப்பைத் தரும் அதே இரும்பு அலசும் நீரிலும் கலந்தால் சிவப்பு மங்கிவிடும். எனவே கத்ரிகளில் பல குடும்பங்கள் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்துக் குடியேறின; சில குடும்பங்கள் தமட்காவிலேயே தங்கின. தொழில் தெரிந்தவர்கள் சிதறாமல் ஓரிடத்தில் சேர்ந்து வாழ முடிவெடுத்தது இந்த வரலாற்றிலேயே பெரிய செயல்.

கைவினைஞர் பள்ளிகள்

2005இல் ஜூடி ஃப்ரேட்டர் கட்ச்சில் கலா ரக்ஷா வித்யாலயா என்ற வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். அச்சு, முடிச்சுச் சாயம், நெசவு, பூத்தையல் எனப் பரம்பரைத் தொழில் தெரிந்தவர்களே இங்கே மாணவர்கள். ஆண்டு முழுவதும் ஊரை விட்டு வரச் சொன்னால் பட்டறை நின்றுவிடும் என்பதால், இரண்டு வார வகுப்புகளை இடைவெளி விட்டு ஓராண்டில் நடத்தினார்கள். இடையில் மாணவர்கள் வீடு திரும்பித் தங்கள் பட்டறையிலேயே பயிற்சி வேலைகளைச் செய்து பார்த்தார்கள். நிறம், அமைப்பு, சந்தை, கருப்பொருள் என்று பாடம் போகும். தொழில்நுட்பத்தைச் சொல்லித்தர வேண்டிய தேவையே இல்லை. அதில் மாணவர்தான் வல்லவர். வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளர் வரைந்து கொடுக்க, கைவினைஞர் கூலிக்குச் செய்து கொடுக்கும் வழக்கத்தை உடைப்பதே நோக்கம். 2014இல் தொடங்கிய சோமையா கலா வித்யா இதே பாதையில் செல்கிறது.

அஜ்ரக்பூரில் வெளியாட்களுக்கும் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. ஒரு நாள் அச்சடித்துப் பார்ப்பவர் கலைஞராகிவிடமாட்டார். ஆனால் ஒரு துணிக்கு ஏன் அந்த விலை என்று அவருக்குப் புரியும், அந்த வகையில் இது பயனுள்ளது. அச்சுத்திரையில் அடித்த நகல்கள் ‘அஜ்ரக்’ என்ற பெயரிலேயே கடைகளில் குவிவதால் இந்தப் புரிதல் மிகவும் வேண்டியிருக்கிறது. 2024இல் கட்ச் அஜ்ரக்கிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; நகல்களை எதிர்க்கச் சட்டத்தின் துணை அதனால் வந்தது.

இப்பள்ளிகளில் கற்றவர்கள் பிற மாநிலங்களுக்கும் போய்க் கற்பிக்கிறார்கள். கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் இல்கல் சேலை நெய்வோருக்குக் கட்ச் நெசவாளர்கள் வழிகாட்டிகளாக இருந்தார்கள். நெசவாளருக்கு நெசவாளரே ஆசான் என்ற இந்த ஏற்பாட்டைச் செய்தது சோமையா கலா வித்யா.