ராத்திரி தபால் ஓட்டிகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில நடுராத்திரிக்கு மேல போனவங்களுக்குத் தெரியும். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தோட வெளிச்சம் போக, மேல வானத்துலயும் ஒண்ணு ரெண்டு விளக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதுல சிலது ஆளே ஏறாத விமானம். வெறும் பார்சல். அதை ஓட்டறவங்க பொழப்பு எப்படின்னு யோசிக்க ஆரம்பிச்சா, கதை நேரா 1932-க்குப் போகுது.

டாடா விமான சேவைன்னா நமக்கு மகாராஜா பொம்மையும் ஏர் இந்தியாவும்தான் ஞாபகம் வரும். ஆனா அது ஆரம்பிச்சது சின்னூண்டு சரக்குக் கம்பெனியாத்தான். 1932 அக்டோபர் 15 அன்னிக்கு ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியா பம்பாய்க்குத் தபால் மூட்டையோட வந்தார். சரக்கு மொத்தமே 25 கிலோ! அங்கிருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்ட்சென்ட். இந்தக் கம்பெனிக்கான யோசனையே அவருடையதுதான். ராத்திரி பறக்க வசதி கிடையாது, அதனால வழியில பெல்லாரியில தங்கல். அன்னிக்கு விமானிக்கு ஓய்வு நேரத்தை முடிவு பண்ணது சூரியன்தாங்க.

வருமானம்? அரசாங்கம் மானியம் எதுவும் தரல. தபால் எடைக்கு ஏத்த கூலி, அவ்வளவுதான். முதல் வருஷத்துல 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் பத்து டன்னுக்குக் கிட்ட தபாலையும் ஏத்தி, 60,000 ரூபாய் லாபம் பார்த்தாங்க. பம்பாய் ஜூஹு களம் மழைக்காலத்துல தண்ணிக்குள்ள போயிடும், கடையைத் தூக்கிட்டுப் புனாவுக்கு ஓடணும். அப்படியும் நேரம் தவறாம ஓட்டினதுதான் அவங்க பெருமை.

இதுல நம்ம ஊர் எங்க வருதுன்னு கேக்கறீங்களா? மெட்ராஸ் விமான நிலையம்னு நாம சொல்ற மீனம்பாக்கம், பல்லாவரம் எல்லாம் அப்போ செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. ஆக, தபால் இறங்கினது நம்ம மண்ணுலதான் :-) 1938-ல சேவை திருச்சி வழியா கொழும்பு வரைக்கும் நீண்டது. அந்தக் கால விமானிக்கு ரயில் தண்டவாளமும் ஆறும் ஏரியும்தான் வழிகாட்டி. திருச்சிக்குப் போறவங்க கொளவாய் ஏரியையும் அடுத்து பாலாறையும் பார்த்துத்தான் வழி சரின்னு நிம்மதி ஆகியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

நிஜமான கஷ்டம் அப்புறம்தான். 1949 ஜனவரி 30-ல இரவு விமானத் தபால் தொடங்கிச்சு. டில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், நாலு ஊர்லேருந்தும் ராத்திரி ஒரு டகோட்டா கிளம்பும். நடுநிசி வாக்குல நாலும் நாக்பூர்ல கூடி மூட்டை மாத்திக்கிட்டு, விடியறதுக்குள்ள அதது அதனோட ஊருக்குத் திரும்பணும். கணக்கு போட்டுப் பாருங்க. இங்கேருந்து நாக்பூர் சுமார் 900 கிலோமீட்டர். டகோட்டா வேகத்துக்கு மூணரை மணி நேரம் ஆகும். போய் வர ஏழு மணி நேரம், ரெண்டு பிஸ்டன் இன்ஜின் சத்தத்துக்கு நடுவுல, இருட்டுல, இன்னிக்கு இருக்கற மாதிரி வானிலை ரேடார் எதுவும் இல்லாம. மறுநாள் காலையில நீங்க படிச்ச கடுதாசிக்குப் பின்னாடி தூங்காத ஒரு ஆள் இருந்தார்.

அதுக்கு வேலை உத்தரவாதமாவது இருந்துச்சா? அதுவும் இல்ல. போர் முடிஞ்சதும் மிச்சமான டகோட்டாக்கள் சல்லிசா கெடைச்சதுல ஆளாளுக்குக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. மெட்ராஸை மையமா வெச்ச ஜூபிடர் ஏர்வேஸ் 1948-ல வந்து 1949-ல மூடியாச்சு. இரவுத் தபாலை முதல்ல ஓட்டின இந்தியன் ஓவர்சீஸ் ஏர்லைன்ஸும் தாக்குப்பிடிக்கல, வேலை ஹிமாலயன் ஏவியேஷன் கைக்குப் போச்சு. சம்பளம் எவ்வளவுங்கறதை விட அடுத்த மாசம் சம்பளம் தர கம்பெனி இருக்குமாங்கறதுதான் கவலையா இருந்திருக்கணும். 1953-ல எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கினப்போ அந்த பயம் போச்சு. எல்லாத்தையும் அரசாங்கமே நடத்தணும்னு நினைக்கற ஆள் இல்ல நான். இருந்தாலும், அந்த விமானிகள் பக்கத்துலேருந்து பார்த்தா தேசியமயம் ஒரு நல்ல காரியம்னுதான் சொல்வேன்.

அபாயம் மட்டும் போகல. அதே 1953 டிசம்பர்ல, நாக்பூர்லேருந்து மெட்ராஸுக்குக் கிளம்பின இரவுத் தபால் டகோட்டா தரையை விட்டு எழும்பின கொஞ்ச நேரத்துலயே விழுந்துச்சு. தபாலோட பயணிகளும் இருந்தாங்க. 13 பேர் செத்துப்போனாங்க. பிழைச்சது விமானி மட்டும்தான். அந்த மனுஷன் மிச்ச வாழ்நாள் முழுக்க எப்படித் தூங்கியிருப்பார்னு தெரியல.

நாக்பூர் ஏற்பாடு 1973-ல முடிஞ்சுது. ஆனா வேலையோட வடிவம் மாறல. 1996-ல சென்னையிலிருந்து புளூ டார்ட் ஏவியேஷன் போயிங் 737-களோட ஆரம்பிச்சதும் அடிப்படையில அதே யோசனைதான், ஊர் தூங்கும்போது சரக்கை நகர்த்தறது.

விமானிகளோட தூக்கத்துக்கு டி.ஜி.சி.ஏ. போட்ட புது விதிகள் 2024 ஜனவரியில வந்துச்சு. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆச்சு. ராத்திரிங்கறது காலை 5 வரைக்கும்னு இருந்தது 6 ஆச்சு. ராத்திரி தரையிறக்கம் ஆறு வரைக்கும் போகலாம்னு இருந்தது ரெண்டா குறைஞ்சுது. கம்பெனிங்க முரண்டு பிடிச்சதுல 2025 ஜூலை, நவம்பர்னு ரெண்டு கட்டமாத்தான் அமலுக்கு வந்துச்சு. அந்த டிசம்பர்லயே இண்டிகோ விமானங்கள் நூத்துக்கணக்குல ரத்தாகி, பயணிகள் விமான நிலையத்துல படுத்துக் கிடந்ததும், அந்தக் கம்பெனிக்கு மட்டும் ராத்திரி விதிகள்ல தற்காலிகமா விலக்கு கொடுத்ததும் நீங்களே டிவியில பார்த்திருப்பீங்க.