குப்பம்: நெருப்புப் பாறையும் ஏரி நீரும்

ஏரியும் காடும் சதுப்பும் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் கடல் கடந்த நாடுகளையே எண்ணுவர். எரிமலை வாயில் நீர் தேங்கிய ஏரி என்றால் சுமத்திராத் தீவின் தோபா ஏரி நினைவுக்கு வரும். சென்னையினின்று பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள குப்பம் என்னும் ஊரை இவ்வகையில் எண்ணிப் பார்ப்பவர் அரியர். ஆயினும் நெருப்பு வார்த்த பாறையையும், மக்கள் கட்டிய ஏரியையும், யானை திரும்பி வந்த காட்டையும் அடுத்தடுத்துக் காண விரும்புவோர்க்கு ஏற்ற இடம் இது. இவ்வூரைச் சூழ்ந்த நிலத்தின் வரலாற்றை நேயர்களோடு சேர்ந்து சிறிது ஆராய்வோம்.

குப்பம் என்ற சொல் தமிழில் சிற்றூரைக் குறிக்கும். கடற்கரையில் மீனவர் குடியிருப்பையும் குறிக்கும். இந்தக் குப்பமோ கடலுக்கு வெகு தொலைவில், மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் இங்கே நெருங்கி வருகின்றன. ஊர்ச் சந்தையில் மூன்று மொழிகளும் கலந்து ஒலிக்கும். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் கங்குந்தி ஜமீனைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கியது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் குப்பம் ஆந்திரத்திலேயே நின்றது. இங்கு 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது இவ்விடத்தின் இயல்புக்குப் பொருந்துவதே.

மனிதர் வரைந்த எல்லைகள் இவ்வாறு மாறிமாறி வர, பாறைகள் வரைந்த எல்லை ஒன்று மாறாதிருக்கிறது. கோலாரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கரும்பாறைப் பட்டை ஓடுகிறது. அதன் தென்பகுதி குப்பம் வட்டாரத்தினூடே செல்கிறது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியினின்று பொங்கிய எரிமலைக் குழம்பே இறுகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இப்பாறையாயிற்று என்பர் நிலவியல் அறிஞர். கோலார்த் தங்கவயலுக்கு அருகிலுள்ள பெத்தபள்ளியில் எரிமலை சிதறிய கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதைக் காணலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாகப் போற்றுகிறது. ஆனால் எரிமலையின் வாயையோ கூம்பையோ இங்கு எவரும் தேட வேண்டுவதில்லை. மழையும் காற்றும் அவற்றை என்றோ அரைத்துத் தள்ளிவிட்டன. எஞ்சியது வேர் மட்டுமே.

அந்த வேரில் பொன் இருந்தது. பாறையின் வெடிப்புகளில் புகுந்த வெந்நீர் விட்டுச் சென்ற வெண்கல் நரம்புகளில் அது படிந்திருந்தது. கோலாரில் சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கிற்று. அச்சுரங்கங்களுக்காகவே 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் கொண்டு வரப்பட்டது. அதே பட்டையில் குப்பத்தின் பக்கம் சிகரகுண்டா, பிசாநத்தம் ஆகிய இடங்களிலும் பொன் அகழ்ந்தனர். 2001 பிப்ரவரியில் கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டது. இவற்றின் ஓசையும் அடங்கிற்று.

பொன் தீர்ந்தாலும் பிழைக்கலாம். நீர் தீர்ந்தால் பிழைத்தல் இயலாது. கரும்பாறையும் கருங்கல்லும் மழைநீரை எளிதில் உள்வாங்குவதில்லை. பெய்வது ஓடிவிடும். இதை நன்குணர்ந்த முன்னோர் மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையே கரை போட்டு ஏரி அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. இவ்வாறு சங்கிலியாய்க் கோத்த ஏரிகளே இந்நாட்டின் உண்மையான ஏரிகள். அவற்றின் நீர்ப்பரப்பு சுருங்குங்கால் ஓரங்களில் கோரையும் நாணலும் மண்டிய சதுப்பு தோன்றும். நாரையும் கொக்கும் நாமக்கோழியும் அங்கே இரை தேடும். சேற்று வண்டலை உழவர் வண்டியேற்றி வயலுக்கு உரமாக்குவர். மதகைப் பேணவும் கரையை அடைக்கவும் ஊரார் கூடிச் செய்த பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். அதைக் கட்டாயமாக்கச் சென்னை அரசு 1858-இல் சட்டமே இயற்றிற்று. தானாக நடந்து வந்த வழக்கத்துக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதே, அவ்வழக்கம் தளரத் தொடங்கியதற்குச் சான்று.

ஏரிகளுக்கு அப்பால் காடு தொடங்குகிறது. இலையுதிர் மரங்களும் முட்புதர்களும் நிறைந்த வறண்ட காடு இது. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக யானையைக் காணாதிருந்ததாகச் சொல்லப்படும் இக்காட்டுக்குள், 1980-களில் தமிழ்நாட்டு, கருநாடக எல்லைக் காடுகளினின்று யானைக் கூட்டங்கள் வந்து சேர்ந்தன. அவற்றைக் காக்க 1990-ஆம் ஆண்டில் 357 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. பாலாற்றின் கிளையாகிய கௌண்டின்ய ஆற்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. யானை நாள்தோறும் நூறு லிட்டருக்கு மேல் நீர் பருகும் விலங்கு. காடோ குறுகியது; சுற்றிலும் கேழ்வரகும் கரும்பும் விளையும் நிலங்கள். கோடையில் காட்டுக் குட்டை வற்றினால் யானை ஊர் ஏரிக்கு வராமல் வேறெங்குச் செல்லும்? அகழியும் மின்வேலியும் போட்டும் உழவரும் மாண்டனர், யானையும் மாண்டது.

இவையெல்லாம் சென்று சேரும் இடம் பாலாறு. நந்தி மலைப் பக்கத்தில் தோன்றும் இந்த ஆறு கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடித் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் சென்று கடலை அடைகிறது. 1892-இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சென்னையின் இசைவின்றி மேலே புதிய அணை கட்டலாகாது. அன்று குப்பம் சென்னையைச் சேர்ந்தது. அதாவது, தண்ணீருக்காக மேட்டை நோக்கிக் காத்திருந்த பக்கம். 1953-க்குப் பின் அதே குப்பம், வாணியம்பாடியாருக்கு மேட்டுப் பக்கமாயிற்று. 2006-இல் குப்பத்தருகே கணேசபுரத்தில் ஆந்திரம் அணை கட்ட முற்பட்டபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் வழக்கு மட்டும் திசை மாறிற்று! 2025-ஆம் ஆண்டில் அந்திரி-நீவா கால்வாய் வழியே கிருஷ்ணா நதியின் நீர் நெடுந்தொலைவு ஏற்றப்பட்டுக் குப்பத்தை எட்டியது.

தொலைவிலிருந்து வரும் நீர் வரவேற்கத் தக்கதே. ஆனால் அதைத் தாங்கி நிற்க வேண்டியது அதே பழைய ஏரிதான். கரை உடைந்து, மதகு அடைத்து, வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடந்தால் கிருஷ்ணையும் ஓடிப்போகும், வான்மழையும் ஓடிப்போகும். பாறையை நெருப்பு படைத்தது. அதை நாம் மாற்ற இயலாது. ஏரியைப் படைத்தவர் நம்மைப் போன்ற மக்கள். அதைக் காப்பதும் நம் போன்றோர் கையிலேயே உள்ளது. உழவனும் யானையும் கீழ்ப்பாலாற்றுக் குடிகளும் ஒருசேர வாழ்வதும் அதைப் பொறுத்ததே.