பின்வரிசைக்காரர் – 9
மூன்று நிமிடம் மிச்சம்

முன்கதை: 2006 ஜூலை 9, பெர்லின். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 7-வது நிமிடத்திலேயே பிரான்சுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமானார் இத்தாலியின் ஸ்டாப்பர் மார்கோ மெட்டராஸி. ஜிடேன் அதைக் கோலாக்கினார். 19-வது நிமிடத்தில் பீர்லோவின் கார்னரைத் தலையால் முட்டிச் சமன் செய்தவரும் அதே மெட்டராஸிதான். 110-வது நிமிடத்தில் ஜிடேனின் தலை அவர் மார்பில் மோதியது. ஜிடேனுக்குச் சிவப்பு அட்டை. பெனால்டி ஷூட் அவுட்டில் 5–3 என்று இத்தாலி கோப்பையை வென்றது.

இனி...

மெட்டராஸி என்ற பெயரைச் சொன்னால் "ஜிடேன் முட்டினாரே, அந்த ஆளா?" என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். அதே இரவில் தன்னால் விழுந்த கோலைத் தானே ஈடு செய்தார். ஷூட் அவுட்டில் இத்தாலியின் இரண்டாவது உதையையும் பதறாமல் வலைக்குள் அனுப்பினார். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

ஸ்டாப்பரின் தலையெழுத்தே அப்படித்தான். ஃபார்வர்டு ஒன்பது வாய்ப்பைத் தவறவிட்டு பத்தாவதில் கோல் போட்டால் தோளில் தூக்குகிறோம். ஸ்டாப்பர் ஒன்பது பந்தைத் தடுத்து பத்தாவதை விட்டால், ஊரே அவரைத்தான் ஏசுகிறது. தருமபுரி மாவட்டத்துப் பள்ளி மைதானங்களில் "நீ பின்னாடி நில்லுடா" என்று ஒதுக்கி நிறுத்தப்படும் ஒவ்வொரு பிள்ளையும் இந்த மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தவறுக்குப் பிறகு எழுந்து நிற்பதுதான் அந்த இடத்தின் வேலை. அதை உலகத்துக்குக் காட்டிய அவரே, எட்டு ஆண்டுகள் கழித்து நம் சென்னையில் வந்து இறங்கினார்.

அதற்கு முன் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா, இத்தாலியின் முதல் தர ஸ்டாப்பர். அவர் இருக்கும்வரை மெட்டராஸிக்கு பெஞ்சில்தான் இடம். 2002 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக நெஸ்டா காயமடைய, மெட்டராஸி உள்ளே வந்தார். இத்தாலி 2–1 என்று தோற்றது. பழி மாற்று ஆட்டக்காரர் தலையில் விழுந்தது. 2006-ல் ஹாம்பர்க்கில் செக் குடியரசுடன் ஆட்டம். மறுபடியும் நெஸ்டாவுக்குக் காயம், மறுபடியும் மெட்டராஸி களத்தில். இம்முறை உள்ளே வந்த சற்று நேரத்தில் தலையால் முட்டி கோல் போட்டார். அங்கிருந்துதான் பெர்லினுக்கு வழி திறந்தது.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அபிஷேக் பச்சனும் வீட்டா தானியும் தோனியும் உரிமையாளர்களாக இருந்த சென்னையின் எஃப்.சி.க்கு, 41 வயது மெட்டராஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். சீசனின் பிற்பகுதியில் அவர் ஒருவரை அழைத்து வந்தார். 38 வயதில், ஓய்வை விட்டு வந்து நீல உடை அணிந்தவர் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா! யாருக்கு மாற்றாக வாழ்நாளெல்லாம் காத்திருந்தாரோ, அவரே இப்போது மெட்டராஸியின் அணியில். பொறாமைக்கு அங்கே இடமே இருக்கவில்லை. அது இருவருக்கும் பெருமை.

அந்த ஆண்டு 14 லீக் ஆட்டங்களில் 23 புள்ளிகளோடு பட்டியலில் முதலிடம் சென்னைக்கு. பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்துத் தொடரிலேயே முதல்வர். ஆனால் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் 3–0 என்று நொறுக்கியது. டிசம்பர் 16, நேரு ஸ்டேடியம். மூன்று கோலையும் சென்னை திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது, 90-வது நிமிடத்தில் ஜேஜே அடித்தது. கூடுதல் நேரம். 117-வது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டார். மூன்று நிமிடம் தாண்டியிருந்தால் ஷூட் அவுட். அந்த மூன்று நிமிடம் கிடைக்கவில்லை.

2015-ல் மெட்டராஸி பயிற்சியாளர் மட்டும்தான். கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம். காலை நீட்டித் தடுக்க முடியாது. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது மூன்று வெற்றி, ஒரு சமன், ஆறு தோல்வி. பத்துப் புள்ளி. பட்டியலில் கடைசி இடம். போன ஆண்டு உச்சியில் இருந்த அணி இந்த ஆண்டு அடியில்! மிச்சம் நான்கே ஆட்டங்கள். நான்கையும் வென்றது சென்னை. 22 புள்ளிகளோடு மூன்றாவது இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது.

அந்த நேரத்தில்தான் வானம் உடைந்தது. டிசம்பர் 1 இரவு சென்னையில் கொட்டிய மழையை நாம் மறக்க முடியுமா? மழைக்காக வானம் பார்த்தே பழகிய தருமபுரிக்காரர்கள், தொலைக்காட்சியில் அடையாறு வீடுகளுக்குள் பாய்வதைப் பார்த்துத் திகைத்தோம். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் என்று பகுதி பகுதியாக மூழ்கின. விமானங்கள் தண்ணீரில் நின்றன; டிசம்பர் 6 வரை விமான நிலையம் இயங்கவில்லை. பல மாவட்டங்களிலிருந்து அரிசியும் போர்வையும் லாரி லாரியாகச் சென்னைக்குப் போயின.

அந்த ஊரின் அணி அரையிறுதியை எங்கே ஆடும்? சொந்த மைதானத்தில் ஆட வழியில்லை. சென்னையின் "சொந்த ஊர்" ஆட்டம் புனேயின் பாலேவாடி மைதானத்துக்கு மாற்றப்பட்டது. எதிரணி நடப்பு சாம்பியன் அத்லெடிகோ டி கொல்கத்தா. ஆரவாரம் செய்ய வேண்டிய சென்னை ரசிகர்கள் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 12. பெலிசாரி ஒன்று, ஜேஜே ஒன்று, கொலம்பியாவின் மெண்டோசா ஒன்று: 3–0! நான்கு நாள் கழித்து கொல்கத்தாவில் 2–1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4–2. சென்னை இறுதிக்குப் போனது.

ஒரு கோல் வாங்கினால் தலை குனிந்து நிற்கக் கூடாது. அடுத்த பந்து வருகிறது, அதைப் பார். பெர்லினில் ஒரு ஸ்டாப்பர் செய்து காட்டியது இது. பட்டியலின் அடியிலிருந்தும், வெள்ளத்தில் மூழ்கிய ஊரிலிருந்தும் எழுந்து வந்த இந்த அணி அதையே செய்தது என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

டிசம்பர் 20, ஞாயிறு. மட்கானின் ஃபடோர்டா மைதானம். எதிரே எஃப்.சி. கோவா, அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். அவர்களின் பயிற்சியாளர், பிரேசிலின் பெருமை ஜீக்கோ.

54-வது நிமிடம். சென்னைக்குப் பெனால்டி. பெலிசாரி உதைத்ததைக் கோவாவின் கோலி லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தை பெலிசாரியே வலைக்குள் தள்ளினார். கட்டிமணியின் பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வருவார். நான்கே நிமிடத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். 1–1.

பிறகு அரைமணி நேரம் இரு பக்கமும் மூச்சுமுட்டப் போராட்டம். 87-வது நிமிடம். கோவாவின் ஜோஃப்ரே ஒரு கோல்! 2–1. ஃபடோர்டா ஆட்டம் போட்டது. கோவாவின் பெஞ்சே கட்டிப்பிடித்துக் கொண்டாடியது.

முழு நேரத்துக்கு மூன்று நிமிடம். போன ஆண்டு கேரளாவிடம் கைக்கு எட்டாமல் போன அதே மூன்று நிமிடம். சென்னை வீரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினார்கள். கோட்டோரம் நின்ற மெட்டராஸிக்கு இப்போது முட்டித் தள்ள கார்னர் இல்லை, உதைக்கப் பெனால்டி இல்லை. ஆட வேண்டியவர்கள் அந்தப் பதினொரு பேர்.

நடுவர் விசில் ஊதினார். பந்து உருண்டது. அடுத்த சில நிமிடங்களில் கட்டிமணியின் கையருகே நடந்தது என்ன?

(அடுத்த வாரம்...)