கதை மாற்றுதல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் புனைகதையும் கதைதான், உரையாடலும் கதைதான். சங்கடமான பேச்சிலிருந்து நழுவுவதை 'கதையை மாத்திறது' என்போம். எமது நாவல் வரலாற்றை இந்தச் சொல்லைக் கொண்டே ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம்பிள்ளை. அவரது பாத்திரங்கள் வாதம் நெருக்கும்போது ஒரு கிளைக்கதையை எடுத்து விடுகின்றன. சிரிப்பில் சங்கடம் கரைந்துபோகிறது. ஞானாம்பாளோ ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆள்கிறாள். குடிமக்கள் ஆணென்று நம்பியே பணிகிறார்கள். பெண் ஆளலாமா என்ற கேள்வி எழுமுன்பே அவள் ஆண்டு காட்டிவிடுகிறாள். ஆக, இந்த நழுவலைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. நேரே சொல்ல முடியாததைச் சொல்ல அது வழி திறந்தது.

சாதி விடயத்தில் எமது நழுவல் அத்தகையதல்ல; அது வழியை அடைத்தது. இலங்கையில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் தீண்டாமை நீடித்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. இப்போராட்டங்களில் பங்கெடுத்த கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலைத் தந்தார். அங்கே கதையை மாற்ற எவருக்கும் இடமில்லை. தேநீர்க்கடையும் கோயிலும் கேள்வியாகவே நிற்கின்றன.

மாற்றியவர்கள் விமர்சகர்கள். "இது பிரசாரம், கலையல்ல" என்றார்கள். டானியலின் கலைத்திறன் பற்றி விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால் நாவல் எழுப்பிய கேள்வியைத் தொடாமல் அதன் வடிவத்தை மட்டும் பேசியது, பிரதாப முதலியாரின் கிளைக்கதை செய்த அதே வேலைதான். அங்கிருந்த சிரிப்புக்கூட இங்கில்லை.

பாசலில் இன்று எவரும் தனிப் பேணி வைப்பதில்லை. "ஊரில எவ்விடம்?" என்று கேட்கிறோம். பிறகு, "அதில எந்தப் பக்கம்?" சம்பந்தம் பேசும்போது இந்த இரண்டாவது கேள்வியின் பொருள் இருதரப்புக்கும் தெரியும். வெளியே எவராவது விசாரித்தால், "சுவிசில எங்க சாதி?" என்று கதையை மாற்றிவிடுகிறோம். ஞானாம்பாளின் வேடம் ஒரு பெண்ணை அரியணை ஏற்றியது. எமது இந்த வேடம் யாரைக் காப்பாற்றுகிறது? இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அந்த இரண்டாவது கேள்விக்கு அர்த்தம் கேட்டால், நாம் சொல்லப்போகும் பதில் என்ன? நண்பர்கள் இதை விவாதிக்க வேண்டும்.