திரையில் தெரியாத தெரு: பண்ணைப்புரத்திலிருந்து பார்த்த சினிமா



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுத்துப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாங்கள் ஒரு சின்னக் கேள்வியைத்தான் எடுத்து வந்திருக்கிறோம். சினிமாவில் நம் ஊர் எங்கே இருக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இது விளையாட்டான கேள்வியாகத் தோன்றலாம். படம் ஓடும்போதே "இது நம்ம குரங்கணி", "அது வைகை அணைப் பூங்கா" என்று பக்கத்தில் இருப்பவரை இடித்துச் சொல்வது நமக்குப் பழக்கம். 2010இல் 'மைனா' வந்தபோது போடிக்கு மேலே இருக்கும் குரங்கணியைத் தமிழ்நாடே பார்த்தது. 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் இறந்தபோதும் அதே ஊர் செய்தியில் அடிபட்டது. ஒருமுறை அழகாக, ஒருமுறை சாவாக. இரண்டு முறையும் அந்த மலைச்சரிவில் பிழைப்பவர்கள் பின்னணியில்தான் நின்றார்கள். ஊரை அடையாளம் காண்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அந்த மகிழ்ச்சியோடு இன்னொன்றையும் கேட்கலாம். ஊர் தெரிந்தது சரி, ஊரின் எந்தப் பகுதி தெரிந்தது?

முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். தமிழ்க் கிராமத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவை என்று நாம் கொண்டாடும் படங்களில் நம் ஊர்க்காரர்களின் கை இருக்கிறது. 1976இல் வந்த 'அன்னக்கிளி'க்கு இசை பண்ணைப்புரத்து இளையராஜா. 1977இல் வந்த '16 வயதினிலே'யை இயக்கியவர் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா. ஆகவே அந்தத் தெருக்களையும் நம் தெருக்கள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'அன்னக்கிளி' எடுக்கப்பட்டது மோயாற்றங்கரையில், நீலகிரி மலைக்குக் கீழே இருக்கும் தெங்குமரஹாடாவில். '16 வயதினிலே'யின் மண்ணும் குடிசையும் பெரும்பாலும் கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பக்கத்தவை. 1985இல் வந்த 'முதல் மரியாதை'யின் ஆறு முல்லையாறும் இல்லை, வைகையும் இல்லை. அதுவும் கர்நாடகம்தான், காவிரிக்கரை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மலையைப் பார்த்தால் போதும். பண்ணைப்புரம் உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகத் தேவாரத்துக்கும் போடிக்கும் போகும் சாலையில் இருக்கிறது. மலை மேற்கே சுவர்போல் நிற்கிறது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே தெருவில் நிழல் விழுந்துவிடும். சட்டகத்தை நிறுத்தி வைத்து முகட்டின் கோட்டைப் பாருங்கள், நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு சுவர் எழுத்தைப் பாருங்கள், பேருந்தின் ஊர்ப்பலகையைப் பாருங்கள், ஓட்டின் வகையைப் பாருங்கள். வீடுகளைத் துணி போட்டு மறைக்கலாம், முகட்டை மறைக்க முடியாது.

இடம் மாறியதைப் பெரிய குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. சினிமாக்காரர்கள் வசதி பார்த்துத்தான் இடம் தேடுவார்கள். ஆனால் இடம் மாறியபோதும் ஒரு வரைபடம் மாறாமலே வந்தது. கோயில், சாவடி, பஞ்சாயத்து கூடும் ஆலமரம், ஆறு, பெரிய வீட்டின் திண்ணை. எந்த ஊரில் எடுத்தாலும் இந்த வரிசைதான். கேமரா ஊருக்குள் நின்றுகொண்டு ஊரைப் பார்க்கும். சேரி அதன் முதுகுப் பக்கம் இருக்கும். 'முதல் மரியாதை'யில் செருப்புத் தைப்பவரின் மகள் வருகிறாள், காதலிக்கிறாள், கொல்லப்படுகிறாள். அவள் வாழ்ந்த தெருவின் நீள அகலம் நமக்குத் தெரியாமலே படம் முடிந்துவிடுகிறது. அவளுடைய சாவு பெரியவரின் பெருந்தன்மையைக் காட்டப் பயன்படுகிறது. எத்தனையோ படங்களில் பறை அடிக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், எத்தனையில் கைகளையும் குச்சியையும் காட்டிவிட்டு முகத்தை விட்டிருக்கிறார்கள் என்று.

அப்படியானால் நம் தெரு சினிமாவுக்குள் வரவே இல்லையா? வந்தது. கேமரா வழியாக வரவில்லை, ஒலிவாங்கி வழியாக வந்தது. இதுதான் இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது.

இந்த வரலாற்றை 1976இலிருந்து தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். அதற்கும் இருபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. நம் பள்ளத்தாக்கின் மலையடிவார ஊர்களுக்கு அந்த மலை அயல் மாநிலமாகவே நின்றுவிட்டது. அங்கே தேயிலை பறித்தவர்களும் ஏலத்தோட்டத்தில் களை எடுத்தவர்களும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். முல்லைப்பெரியாறு அணை 1895இல் வந்தபிறகு ஆற்றோரத்து ஊர்களில் இருபோக நெல் விளைந்தது. மலையடிவாரத்து மானாவாரிப் பக்கம் நிலம் இல்லாதவர்களுக்குப் பிழைப்பு மலையில்தான் இருந்தது. நீர் கீழே இறங்கியது, கூலியாட்கள் மேலே ஏறினார்கள்.

1957 தேர்தலில் தேவிகுளத்தில் வென்ற கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூசின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பானது. 1958இல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்கு அது மானப் பிரச்சினை. அந்தத் தேயிலைக் காட்டுக்குப் பாடப் போனவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். டேனியல் ராமசாமியின் மகன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா மறுபடியும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பங்கு உண்டு என்பது கட்சிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. அந்தக் காலத்தில்தான் பதின்வயது ராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பாவலர் சகோதரர்கள் என்ற பெயரில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் போனார்கள். கூலி, நிலம், பசி இவற்றைப் பற்றிய பாட்டுகள். மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை வைத்துப் பாடுவது மேடைப் பாட்டின் வழி. நடவு வயலில் கேட்ட மெட்டு, தொட்டிலில் கேட்ட மெட்டு, சாவு வீட்டில் கேட்ட மெட்டு. கேட்பவர் உடனே பிடித்துக்கொள்வார்.

1968இல் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். 1973இல் பாவலர் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து 'அன்னக்கிளி'. தமிழ்நாடு திடீரென்று கிராமத்து இசையைக் கேட்டு வியந்தது என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். அந்தத் 'திடீர்' என்ற சொல்லுக்குள் தேவிகுளத்துச் சரிவுகளும், லாந்தர் வெளிச்ச மேடைகளும், பெயர் பதிவாகாத எத்தனையோ நடவுப் பெண்களும் மறைந்துபோகிறார்கள். 1977இல் '16 வயதினிலே'யின் 'செந்தூரப்பூவே' பாட்டுக்காக எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. அதை எழுதியவர் கங்கை அமரன், அதே வீட்டுத் தம்பி. படத்தின் தெரு கொள்ளேகால், பாட்டின் தெரு பண்ணைப்புரம். இரண்டையும் ஒரே திரையில் பார்த்தும் கேட்டும் நாம் ஒன்றாக்கிக்கொண்டோம்.

பாவலரின் பெயர் திரையில் வந்ததுண்டு. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' பாவலர் கிரியேஷன்ஸ் பெயரில் வந்தது, தயாரித்தவர் இன்னொரு சகோதரர் ஆர்.டி. பாஸ்கர். கதை பிராமணப் பையனுக்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் இடையிலான காதல், இடம் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரை. மலையடிவாரத்துப் பாட்டாளியின் பெயர் எழுத்தாக வந்து போய்விட்டது, பின்னால் கடல் அடிக்கத் தொடங்கிவிட்டது. 1987இல் கங்கை அமரன் இயக்கிய 'எங்க ஊரு பாட்டுக்காரன்' வந்தது. தலைப்பைக் கேட்டதும் பண்ணைப்புரத்துக்காரர்களுக்கு யார் ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. படத்தின் பாட்டுக்காரனோ சங்கம், கூலி, கொடி எதையும் அறியாதவன். நல்ல பாட்டுகள் உள்ள படம், ஓடிய படம். அதில் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை. நிஜமான பாட்டுக்காரனிடமிருந்து எதைக் கழித்தால் திரைப் பாட்டுக்காரன் கிடைக்கிறான் என்று பார்த்தால் போதும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் பேசியாக வேண்டும். இளையராஜா தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்பது பலரும் எழுதியது. தன்னைச் சாதி அடையாளத்தோடு பேசுவதை அவர் விரும்பியதில்லை. 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிடும் நூலுக்கு அவர் எழுதிய முன்னுரை நம்மில் பலரைக் கோபப்படுத்தியது. அதே ஆண்டு மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். "அவர் நம்மவர்" என்று ஒரு தரப்பும், "அவர் நம்மவர் இல்லை" என்று ஒரு தரப்பும் இன்னும் சண்டை போடுகின்றன. எங்கள் கருத்து இது: தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது, அந்த மேடையும் அவர் உழைத்துச் சேர்ந்த மேடை. ஆனால் ஒரு தெருவின் வரலாறு ஒரு மனிதரின் விருப்பத்துக்கு மட்டும் உட்பட்டதில்லை. அவரைக் கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் அவரோடு நின்றுவிடுவதால் அந்தத் தெருவில் யாரும் கால் வைப்பதே இல்லை.

கேமரா நம் பக்கம் திரும்பியதும் நடந்திருக்கிறது. 2018இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி இயக்கினார், விஜய் சேதுபதி தயாரித்தார், இசை இளையராஜா. மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, கடைசியில் தன் கையைவிட்டுப் போன நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒற்றையடிப் பாதையும் மூட்டையும் டீக்கடையும் யாரிடமும் கேட்காமல் எங்களுக்கு அடையாளம் தெரிந்தன. ரங்கசாமியின் சாதியைப் படம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நிலம் ஏன் அவனிடம் முதலிலிருந்தே இல்லை என்ற கேள்விக்குப் பதில் அந்த மௌனத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் பாவலர் பாடிய பொருள் அறுபது ஆண்டு கழித்து அதே மலையில், அவர் தம்பியின் இசையோடு திரும்பி வந்ததே, அதைப் பெரிதாகத்தான் நினைக்கிறோம்.

மலையேறும் வாழ்க்கை இன்னும் முடியவில்லை. இருட்டு விலகும் முன்பே ஜீப்பில் நெருக்கி அடைத்துக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களை நம் ஊர்ச் சாலைகளில் தினமும் பார்க்கலாம். 2011 நவம்பரில் 'டேம் 999' படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. அணை உடைவதைக் காட்டிய படம். அதைத் தொடர்ந்த முல்லைப்பெரியாறு கொந்தளிப்பில் எல்லை அடைபட்டது. வேலை இழந்து திரும்பியவர்கள் இந்தப் பெண்கள். அணையைப் பற்றிப் படம் வந்தது, அணைக்காகப் போராட்டம் வந்தது, இரண்டிலும் அந்த ஜீப் வரவில்லை.

வடசென்னையின் சுவர் 2014இல் 'மெட்ராஸ்' படத்தில் வந்தது. நெல்லைச் சீமை 'பரியேறும் பெருமாள்' வழியாக வந்தது. 2021இல் வந்த 'கர்ணன்' 1995இல் கொடியங்குளத்தில் நடந்த போலீஸ் தாக்குதலை நினைவுபடுத்தியது. படத்தில் 1997 என்று ஆண்டு போட்டதால், எந்த ஆட்சியில் நடந்தது என்று சர்ச்சை எழுந்து, 1990களின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். மாற்றிய பிறகும் 1995 கிடைக்கவில்லை. திரையில் ஓரிரு நொடி நிற்கும் ஓர் எண்ணுக்கு இவ்வளவு எடை. நம் பள்ளத்தாக்கில் 1989 செப்டம்பரில் போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம் நடந்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. நாங்கள் பார்த்த எந்தப் படத்திலும் அது இல்லை. அரிவாளும் மீசையுமாக இந்தச் சீமையைக் காட்டிய படங்கள் எத்தனை வந்திருக்கின்றன! வெட்டுபவரின் பெருமை தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டவரின் முகவரி தெரியவில்லை.

2024 மார்ச்சில் இளையராஜாவின் வாழ்க்கைப் படம் அறிவிக்கப்பட்டது. தனுஷ் நடிக்க, அருண் மாதேஸ்வரன் இயக்கம். அப்படிப்பட்ட எந்தப் படத்திலும் பண்ணைப்புரம் வந்தே தீரும். அசல் தெருவிலும் எடுக்கலாம், அரங்கு போட்டும் எடுக்கலாம். ஒருமுறை திரையில் வந்துவிட்டால் அதுவே பண்ணைப்புரம் ஆகிவிடும், கொள்ளேகால் நமக்கு நம் ஊர் ஆனதைப் போல. வீடு எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர் எங்கே எடுத்தார்கள், எந்தத் தெரு வழியாக நடக்கலாம், எந்தத் தெரு வழியாக நடக்கக் கூடாது என்பதெல்லாம் கலை இயக்குநரின் கற்பனைக்குப் போய்விடும். அவர் கேட்க வந்தால் எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஒரு கையெழுத்து வரைபடம்கூட இல்லை.

உத்தமபாளையத்திலும் போடியிலும் படிக்கும் மாணவர்களுக்கு இந்த விடுமுறையில் ஒரு வேலை வைத்திருக்கிறோம். பாவலரின் மேடையை நேரில் கேட்டவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம், மேலே தோட்டத்து லயங்கள் வரை போய் அவர்களைப் பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சினிமாவையே பேசுவார்கள், அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது: மேடை எந்தத் தெருவில் போட்டார்கள், யார் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், யார் தூரத்தில் நின்று கேட்டார்கள்.