கண்டி நாட்டுக் கலங்களின் கழுத்து

நீரைக் கொள்ளுதற்கு வயிறு போதும். கொண்ட நீரைக் காத்தற்குக் கழுத்து வேண்டும். குடமும் செம்பும் கெண்டியும் அகன்ற வயிறும் ஒடுங்கிய கழுத்தும் உடையனவாய் அமைந்தமைக்கு இதுவே காரணம். சுமந்து செல்லுங்கால் நீர் தளும்புவதில்லை. தூசு புகுவது குறைகின்றது. கைக்கும் பிடி கிடைக்கின்றது. ஆயினும் பயன்கொள்வோனுக்கு எளிமை தரும் இவ்வுறுப்பே, கலத்தைச் செய்வோனுக்குக் கடினமான சோதனையாக அமைகின்றது. குயவன் சுழலும் சக்கரத்தின்மேல் ஈரமண்ணை விரல்களால் நெருக்கிச் சிறுபொழுதிற் கழுத்தை எழுப்பிவிடுவான். உலோகமோ அவ்வாறு இணங்குவதன்று. கண்டி நாட்டுக் கம்மியர் இச்சோதனையை வென்ற வகையும், அவ்வறிவுக்குப் பின்னாளில் நேர்ந்த நிலையும் ஆராயத்தக்கன.

கண்டி அரசின் காலத்திற் கம்மியர் மதிப்புடன் வாழ்ந்தனர். ‘பட்டல் ஹதர’ எனப்பட்ட நான்கு அரச தொழிற்கூடங்கள் மன்னனுக்கு வேண்டிய வாள், அணிகலன், அரியணை, முடி முதலியவற்றை ஆக்கின. தலைசிறந்த கம்மியர் தம் பணிக்கு ஈடாக நிலமானியம் பெற்றிருந்தனர். சிங்களக் கம்மியர் ‘நவந்தன்னோ’ எனப்படுவர். அவருள் பொன் வெள்ளி வேலை செய்வோர் ‘படல்லு’ எனவும், பித்தளை வார்ப்போர் ‘லோக்குருவோ’ எனவும் வழங்கப்பட்டனர். தமிழகத்துக் கம்மாளரைப் போலவே இவர்களும் விசுவகர்மாவைத் தம் குலமுதல்வராகக் கொண்டனர். இரு நாட்டுக் கலைஞர்க்கும் இடையே நிலவிய தொடர்பு பழமையானது. கண்டிக்கு அருகிலுள்ள கடலாதெனியா விகாரையை 1344ஆம் ஆண்டில் அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர் என்பதை அங்குள்ள கல்வெட்டால் அறியலாம்.

கழுத்தை ஆக்குவதில் உள்ள இடர்ப்பாட்டை ஓர் அளவினால் விளக்கலாம். வயிற்றின் விட்டம் 16 சதமமீற்றர் எனின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 50 சதமமீற்றராகும். கழுத்தின் விட்டம் 6 சதமமீற்றர் எனின் அதன் சுற்றளவு 19 சதமமீற்றர் மட்டுமே. எஞ்சிய 31 சதமமீற்றர் அளவான உலோகம் எங்கே செல்லும்? அது தடிப்பாக மாறவேண்டும். அல்லது உயரமாக நீளவேண்டும். இவ்விரண்டும் நிகழாவிடின் துணியின் கொய்சகம்போல் மடிந்து சுருங்கிவிடும். மடிப்பு ஒருமுறை விழுந்து அதன்மேல் அடியும் விழுந்தால், அவ்விடத்தில் வெடிப்புத் தோன்றும், கலம் பயனற்றுப்போகும். ஆகவே மடிப்பு விழாமற் காப்பதே கழுத்தமைக்கும் கலையின் உயிராகும்.

இதற்குரிய வழிகளுள் முதலாவது அடித்து ஒடுக்குதல். செம்பு அல்லது வெள்ளித் தகட்டைக் கிண்ணம்போற் குழித்தபின், வளைந்த முனையுடைய இரும்புத் தாங்கியின்மேற் கவிழ்த்து, வெளிப்புறத்தே சுத்தியலால் வட்டம் வட்டமாக அடித்துக்கொண்டு செல்வர். ஒவ்வொரு சுற்றிலும் விட்டம் சிறிதளவே குறையும். அடிபடுந்தோறும் உலோகம் இறுகும். இறுகிய உலோகம் மேலும் அடிப்பின் பிளக்கும். ஆதலால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கலத்தை உலையிலிட்டு மங்கிய செந்நிறம் அடையும்வரை காய்ச்சி, அதன் மென்மையை மீட்பர். எப்பொழுது அடியை நிறுத்துவது, எப்பொழுது நெருப்பிலிருந்து எடுப்பது என்பவற்றைச் சுத்தியலின் ஓசையும் உலோகத்தின் நிறமுமே கம்மியனுக்கு உணர்த்தும்.

இரண்டாவது வழி பொருத்துதல். வயிற்றைத் தனியாகவும், தகட்டைக் குழல்போற் சுருட்டிக் கழுத்தைத் தனியாகவும் செய்து, வெண்காரமும் பற்றாசும் இட்டு நெருப்பில் ஒட்டுவர். இதில் உலோகத்தை மிகுதியாக ஒடுக்கவேண்டுவதில்லை. ஆயின் கலம் எடுத்தாளப்படும் பொழுதெல்லாம் விசை தாக்குவது கழுத்தின் அடியிலேயாகும். பொருத்து வாயும் அங்கேயே அமைகின்றது. எனவே பற்று நன்கு உருகி ஓடாத கலம் முதலில் ஒழுகுவதும் அவ்விடத்திலேயாம்.

மூன்றாவது வழி மெழுகு வார்ப்பு. களிமண்ணாற் கருவமைத்து, அதன்மீது மெழுகாற் கலத்தின் வடிவை முழுமையாக ஆக்குவர். பின்னர் நுண்ணிய மண்ணை முதலிலும் பருமண்ணை அடுத்தும் பூசி, உலர்த்திச் சுடுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்திற் பித்தளைக் குழம்பை வார்ப்பர். மெழுகு விரலுக்கு இணங்குவதால் எத்துணை ஒடுங்கிய கழுத்தும் இம்முறையில் எளிதாகின்றது. எனினும் இடர்ப்பாடு நீங்குவதில்லை, இடம் மாறுகின்றது. சுட்ட மண்கருவை அந்தக் குறுகிய வாயின் வழியாகவே சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கவேண்டும்.

இப்பழந்தொழிலின் விதியை இக்காலத்துப் பானப் பேணியிலும் காணலாம். 1935ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் இரிச்சுமண்டு நகரில் முதன்முதல் விற்பனைக்கு வந்த பியர்ப் பேணிக்கு ஒடுங்கிய கழுத்து இல்லை. 1959ஆம் ஆண்டில் அலுமினியப் பேணி அங்கே சந்தைக்கு வந்தது. இதன் சுவர் மிக மெல்லியது. இன்றைய பேணியில் அது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே. மூடியோ அதனினும் தடித்தது. எனவே மூடியைச் சிறிதாக்கின் உலோகம் மிஞ்சும் என்று கண்டோர், பேணியின் வாயைப் படிப்படியாக ஒடுக்கினர். தொடக்கத்தில் ஏறத்தாழ 68 மில்லிமீற்றராக இருந்த மூடியின் அளவு 1990களில் 54 மில்லிமீற்றராயிற்று. மூடியின் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் ஒரே அழுத்தில் இதனைச் செய்ய முற்படின் சுவர் மடிந்துவிடும். ஆகையால் பேணியை ஒன்றினும் ஒன்று சிறிதான பத்துக்கு மேற்பட்ட அச்சுக்களில் வரிசையாகச் செலுத்துகின்றனர். உள்ளே தாங்குருளை வைத்தும் காற்றழுத்தம் செலுத்தியும் சுவரைத் தாங்குகின்றனர். கண்டிக் கம்மியனின் பல சுற்று அடிகளும் இரும்புத் தாங்கியுமே இங்கே எந்திர வடிவு கொண்டன எனலாம்.

விதி ஒன்றாயினும் அறிவு தங்கும் இடம் வேறு. ஆலையில் அது அச்சிலும் வரைபடத்திலும் தங்குகின்றது. அச்சுத் தேய்ந்தால் வரைபடத்தைக் கொண்டு மற்றொன்றைக் கடைந்துகொள்ளலாம். கம்மியனிடத்தோ அது கையிலும் காதிலும் தங்குகின்றது. தந்தை மைந்தனுக்கும் ஆசான் மாணாக்கனுக்கும் அருகிருத்திக் காட்டினாலன்றி அது நிலைபெறாது. 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபொழுது கம்மியரைத் தாங்கிய அரச ஆதரவும் வீழ்ந்தது. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாயப் பணிமுறை ஒழிக்கப்பட்டது. மக்களுக்கு விடுதலையளித்த அச்சீர்திருத்தம், பழைய தொழிலமைப்பின் பிணைப்பையும் தளர்த்தியது. மேனாட்டு மலிவுப் பொருள்கள் எஞ்சிய சந்தையைக் கவர்ந்தன.

இவ்வழிவைக் கண்டு வருந்தி எழுதியவருள் தலையாயவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த அத்தமிழ்ப் பெருமகன், கண்டி நாட்டுச் சிற்றூர்களிற் கம்மியரை நேரிற் கண்டு, அவர்தம் கருவிகளையும் செய்முறைகளையும் குறித்துவைத்தார். அதன் பயனாகிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல் 1908இல் 425 படிகளாக வெளிவந்தது. அவர் குறித்திராவிடின் மறைந்திருக்கக்கூடியவை பல.

எனினும் நூல் கைக்கு ஈடாகாது. பிலிமத்தலாவை, கடலாதெனியா முதலிய இடங்களில் பித்தளை வார்ப்பும், நீலவல போன்ற ஊர்களில் வெள்ளி வேலையும் தொடர்கின்றன. விளக்கும் தட்டமும் எளிதில் விலைபோகின்றன. பலநாள் உழைப்பை வேண்டும் ஒரே தகட்டுக் கலத்திற்கு அதற்கேற்ற விலை கொடுப்போர் அரியர். அருங்காட்சியகம் பழைய கெண்டியைக் காக்கும். அதன் கழுத்தை ஒடுக்கிய கையைக் காக்கமாட்டாது. அக்கையைக் காப்பது, கலத்தின் கழுத்தை உற்றுநோக்கி, அதில் அடங்கிய உழைப்பை உணர்ந்து, உரிய விலை கொடுத்து வாங்குவோரின் கடமையாகும்.